எந்த பஸ் ஸ்டாண்ட், ஜெனரல்?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். உங்க மொபைலுக்குக் கடைசியா வந்த மெசேஜை எடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்லை. அதையே ஒரு ராணுவத் தளபதி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பெரிய மேப் முன்னாடி நின்னு, பதறாம, ஒவ்வொரு வார்த்தையா எடை போட்டுச் சொன்னா எப்படி இருக்கும்?

சிரிப்பு வருதா? எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு செமஸ்டர் பூரா இதுதான் பொழுதுபோக்கு.

ஆரம்பிச்சு வெச்சவன் தேனிக்காரன். 2023 டிசம்பர்ல வந்த 'சாம் பகதூர்' இந்திப் படத்தை லேப்டாப்ல போட்டுட்டு, பாதி ராத்திரியில எழுந்து நின்னு அட்டென்ஷன்ல பேச ஆரம்பிச்சுட்டான். எனக்கு அந்தக் கதை புதுசு இல்லை. எங்க பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டுல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வெல்லிங்டன்ல இருந்தவங்களுக்கு ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி. குன்னூர்ல வாழ்ந்து, 2008 ஜூன்ல வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனையில இறந்து, ஊட்டியில பார்சிகளோட கல்லறைத் தோட்டத்துல அடக்கமானவர். அதனால எங்க வீட்டுல ராமாயணம் மாதிரி அவர் கதை ஓடும்.

மானெக்‌ஷா பின்னாளில் பல மேடைகள்ல சொன்ன கதை இது. 1971 ஏப்ரல். கிழக்கு பாகிஸ்தான்லேருந்து அகதிகள் வந்துக்கிட்டே இருக்காங்க. பிரதமர் இந்திரா காந்தி, 'உடனே உள்ளே போங்க'ங்கிறார். இவர் பதற்றமே இல்லாம கணக்கைச் சொல்றார். மழைக்காலம் வரப்போகுது, அங்கே ஆறு எல்லாம் கடலா மாறிடும். இமயமலைக் கணவாய்கள் திறந்திருக்கும், சீனாவையும் பார்க்கணும். வடக்கே அறுவடை நேரம், ரயில் வேகன்களை எல்லாம் நான் எடுத்துக்கிட்டா தானியம் எதுல போகும்? இப்ப போனா தோல்வி நிச்சயம். நேரம் கொடுங்க, ஜெயிச்சுத் தர்றேன். டிசம்பர் 3-ம் தேதி ஆரம்பிச்ச போர், 16-ம் தேதி டாக்காவுல சரணாகதியோட முடிஞ்சது. சுமார் 93,000 பேர் கைதிகள்.

இந்த மாதிரி யோசிக்கிறதுக்கு ராணுவத்துல 'அப்ரிசியேஷன்'னு பேர். நமக்கு அந்த வார்த்தைன்னா பாராட்டு. அவங்களுக்கு நிலவரத்தை எடை போடுறது. நோக்கம் என்ன, அதைப் பாதிக்கிற விஷயங்கள் என்னென்ன, இருக்கிற வழிகள் எத்தனை, அதுல எது நல்லது, அப்புறம்தான் திட்டம். எங்க ரூம்ல என்.சி.சி. பையன் ஒருத்தன் இருக்கான், நாகர்கோவில்காரன். அவன்தான் இந்த வரிசையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். அதுக்கப்புறம் ஒரு மெசேஜும் தப்பிக்கலை.

சாம்பிளுக்கு ஒண்ணு. தேனிக்காரனோட அம்மா அனுப்பின ஒரிஜினல்: 'சாப்ட்டியா? ஏன்டா போன் எடுக்கல?'

தளபதி வெர்ஷன்: 'இரவு 9.10 முதல் மூன்று முறை மகனைத் தொடர்பு கொண்டேன். பதில் இல்லை. சாத்தியங்கள் இரண்டு. ஒன்று, தூங்குகிறான். இரண்டு, சினிமாவில் இருக்கிறான். இன்று வெள்ளிக்கிழமை என்பதைக் கருத்தில் கொண்டால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். அடுத்த முயற்சி 9.40-க்கு. அதுவும் தோற்றால், தந்தை களத்தில் இறக்கப்படுவார்.'

மெஸ் போர்டுல 'இன்று உப்புமா'ன்னு எழுதியிருந்தா: 'எதிர்பார்த்த பொங்கல் வந்து சேரவில்லை. ரவை கையிருப்பு கவலை தரும் அளவுக்குத் திருப்திகரமாக இருக்கிறது. வீரர்களின் மனநிலை தாழ்ந்துள்ளது. சட்னி வந்தால் நிலைமை மாறலாம். ஆனால் சட்னியை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது.'

நாலாவது ரூம்மேட்டோட காதல் விவகாரத்தையும் விடலை. 'புளூ டிக் வந்துடுச்சு மச்சான், ரிப்ளை வரலை'ன்னு அழுதவனுக்கு நாகர்கோவில்காரன் கொடுத்த அறிக்கை: 'நம் செய்தி எதிர் முகாமை அடைந்தது உறுதி. பதில் இல்லாததும் ஒரு தகவல்தான். நிலவரம் தெளிவாகும் வரை மேலும் ஸ்மைலி அனுப்புவது வெடிமருந்தை வீணடிப்பதாகும்.' அழுதவனே சிரிச்சுட்டான்.

விளையாட்டுதான். ஆனா சும்மா சொல்லக் கூடாது, இந்த ஸ்டைல்ல ஒரு விஷயம் இருக்கு. பெரிய பெரிய வார்த்தை எல்லாம் தானா உதிர்ந்துடும். 'ரொம்ப', 'பயங்கர', 'செம' எதுக்கும் இடம் கிடையாது. அந்த இடத்துல நம்பர் வரும், நேரம் வரும். தெரிஞ்சது எது, நாமா நினைச்சுக்கிட்டது எதுன்னு பிரியும். எக்ஸாமுக்கு முதல் நாள் நைட்டு 'செத்தோம்டா'ன்னு புலம்புறதையே, 'ஐந்து யூனிட். இரண்டு தெரியும். ஒன்பது மணி நேரம் இருக்கிறது'ன்னு சொல்லிப் பாருங்க. பயம் போகாது. ஆனா கை நோட்டை எடுக்கும்.

இப்ப, இந்த ஸ்டைலை வெச்சு நான் பண்ணின ஒரு கேவலமான வேலையைச் சொல்லணும்.

நான் அப்ப எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் கோ-ஆர்டினேட்டர். சேலத்துலேருந்து கோவையில ஒரு காலேஜுக்குப் போகணும். மொத்தம் 11 பேர். காலேஜ் வண்டி ரெடி. முதல் நாள் ராத்திரி குரூப்ல மெசேஜ் போட்டேன்: 'நாளைக்குக் காலைல 6 மணிக்கு எல்லாரும் பஸ் ஸ்டாண்டுல இருங்க. லேட்டா வராதீங்க.'

சேலத்துக்காரங்க இந்நேரம் தலையில அடிச்சிருப்பீங்க. தெரியாதவங்களுக்கு: சேலத்துல பழைய பஸ் ஸ்டாண்டு ஒண்ணு, புது பஸ் ஸ்டாண்டு ஒண்ணு. எங்க காலேஜ் வண்டி தினமும் நிக்கிறது பழைய பஸ் ஸ்டாண்டுல. ஹாஸ்டல்காரங்களுக்கும் சீனியர்களுக்கும் 'பஸ் ஸ்டாண்டு'ன்னா அதுதான். ஆனா ராசிபுரம் பக்கத்துலேருந்து தினமும் வந்து போற செகண்டு இயர் ஜூனியர்ஸ் மூணு பேருக்கு? கோயம்புத்தூர் போகணும்னா புது பஸ் ஸ்டாண்டுதானே! அவங்க 5.40-க்கே அங்கே போய் நின்னுட்டாங்க.

6.15. டிரைவர் அண்ணன் 'கிளம்பட்டுமா தம்பி?'ன்னார். நான் வாட்ச்சைப் பார்த்தேன். தலையாட்டினேன். போன் பைக்குள்ள, சைலண்டுல. சங்ககிரி தாண்டினப்புறம் எடுத்துப் பார்த்தா, ஆறு மிஸ்டு கால்.

அவங்க கவர்மென்ட் பஸ் பிடிச்சு, அவிநாசி ரோட்டுல இறங்கி, ஓடி வந்து சேர்ந்தப்ப மணி 10.50. பேப்பர் பிரசன்டேஷன் பதிவு 10 மணிக்கே மூடியாச்சு. இரண்டு மாசமா அந்தப் பேப்பருக்காக லேப்ல உட்கார்ந்திருந்த பொண்ணு, கையில பைலை வெச்சுக்கிட்டு வராண்டாவுல நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு. அழலை. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் ஈஸியா இருந்திருக்கும்.

இதே கூத்து 1854-லயும் நடந்திருக்கு. ஆனா அங்கே போனது பேப்பர் இல்லை, உயிர். கிரிமியப் போர், பாலக்ளாவா, அக்டோபர் 25. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு மேட்டு மேல நிக்கிறார். அங்கேருந்து பார்த்தா, பிடிச்ச பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துட்டுப் போறது தெரியுது. 'குதிரைப்படை வேகமா முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டு போகாம தடுக்கணும்'னு ஒரு தாள்ல உத்தரவு போகுது. கீழே பள்ளத்தாக்குல நிக்கிற லூக்கன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கி கண்ணுலயே படலை. 'எந்தப் பீரங்கி?'ன்னு கேட்கிறார். கொண்டு வந்த கேப்டன் நோலன் கையைப் பொத்தாம் பொதுவா வீசிக் காட்டினார். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கோட கோடியில, ரஷ்யர்கள் வரிசையா நிறுத்தி வெச்ச வேற பீரங்கிகள்! சுமார் 670 குதிரை வீரர்கள் அதுக்கு நேரா பாய்ஞ்சாங்க. சுமார் 110 பேர் செத்தாங்க. முதல்ல விழுந்தவங்கள்ல நோலனும் ஒருத்தர். அதுக்கப்புறம் ராக்லன், லூக்கன், முன்னால நின்னு கூட்டிட்டுப் போன கார்டிகன்... மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கிட்டாங்க. மேட்டுல நின்னவருக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரிஞ்சது. பிரச்னையே அதுதான்.

சரி, என் கதைக்கு வர்றேன். திங்கட்கிழமை ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். 'காலேஜ் பணம் கட்டியிருக்கு. என்ன நடந்ததுன்னு ரைட்டிங்ல கொடு.'

எனக்கா எழுதத் தெரியாது? ஒரு செமஸ்டர் பிராக்டீஸ் இருக்கே! அன்னிக்கு ராத்திரி கட்டில் மேல உட்கார்ந்து எழுதினேன்:

'நோக்கம்: 11 மாணவர்களைக் காலை 9.30-க்குள் கோவை சேர்த்தல். தகவல் முந்தைய இரவு 9.40-க்கு அனைவருக்கும் அனுப்பப்பட்டது. 8 பேர் குறித்த நேரத்தில் குறித்த இடத்தை அடைந்தனர். மூவர் அடையவில்லை. இடம் குறித்து அவர்கள் தரப்பில் புரிதல் குறைபாடு ஏற்பட்டிருக்கலாம். 15 நிமிடக் காத்திருப்புக்குப் பின், மற்றவர்களின் நலன் கருதி வாகனம் புறப்பட்டது. தொலைபேசித் தொடர்பு சாத்தியப்படவில்லை. இழப்பு ஒரு கட்டுரை. ஏனைய நிகழ்ச்சிகளில் இரு பரிசுகள் வெல்லப்பட்டன.'

ரூமே கைதட்டுச்சு. தேனிக்காரன் சல்யூட் அடிச்சான். 'இதைப் படிச்சா ஹெச்.ஓ.டி.யே உனக்கு மெடல் குத்துவார்டா!'

ஹெச்.ஓ.டி. படிச்சார். ரெண்டு பரிசுன்னதும் தலையாட்டினார். அப்புறம் பேனாவை எடுத்து ஓரத்துல ஒரு வரி எழுதினார். அந்த மூணு பேரையும் இந்த வருஷம் இனிமே வெளிக் காலேஜுக்கு அனுப்ப வேண்டாம்னு.

நான் 'தேங்க் யூ சார்'னு சொல்லிட்டு வெளியே வந்தேன். ஆமாங்க, அதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை.

ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணு லைப்ரரி வாசல்ல நிறுத்துச்சு. டிபார்ட்மென்ட் பைல்ல என் ரிப்போர்ட்டைப் படிச்சிருக்கு. கோபமாகூட கேட்கலை. 'அண்ணா, முழுக்கப் படிச்சேன். இதுல நீங்க எங்கே இருக்கீங்க?'

என்கிட்ட பதில் இல்லை.

அந்த வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டை மொபைல்ல காட்டினேன். பாராட்டுவார்னு மனசுல ஒரு ஓரத்துல நப்பாசை இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமா படிச்சார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

'இது ரிப்போர்ட் இல்ல தம்பி. இலை தழையெல்லாம் சுத்திக்கிட்டு நீ புதருக்குள்ள உட்கார்ந்திருக்கே.'

அப்புறம் பெரியம்மா வெச்ச டீயை ஆத்திக்கிட்டே சொன்னார். ராணுவத்துல ஒரு சின்ன பார்ட்டி ராத்திரி ரோந்து கிளம்பினாலும், உத்தரவு சொல்றதுக்கு ஒரு வரிசை உண்டாம். நிலவரம், வேலை, எப்படிச் செய்யணும், சாப்பாடு-சாமான், யாரோட எப்படித் தொடர்பு. கடைசியில எல்லார் வாட்ச்சையும் ஒரே நேரத்துக்கு வெப்பாங்களாம். 'கோயி ஷக்?'னு கேப்பாங்களாம். ஏதாவது சந்தேகமான்னு அர்த்தம். 'யாரும் சந்தேகம்னு சொல்ல மாட்டான் தம்பி. வெக்கமா இருக்கும். அதனால ஒருத்தனைக் காட்டி, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுடாம்போம். அவன் தப்பாச் சொன்னா, தப்பு அவன்மேல இல்ல. சொன்னவன் மேல. நீ யாரையாவது திருப்பிச் சொல்லச் சொன்னியா?'

'இல்ல பெரியப்பா. கட்டை விரல் சிம்பல் போட்டாங்க, அதான்...'

'எத்தனை பேரு?'

எட்டு. எண்ணிப் பார்க்கவே இல்லை நான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. சும்மா தேடிக்கிட்டிருந்தப்பதான் ஐசன்ஹோவர் எழுதின ஒரு சீட்டு கண்ணுல பட்டுச்சு. அவர் எழுதினதுலேயே என்னைக் கேட்டா இதுதான் பெஸ்ட். உலகத்துக்கு அது தேவைப்படாமலே போச்சு, அவ்வளவுதான்.

1944 ஜூன் 5. மறுநாள் விடிஞ்சா நார்மண்டி கடற்கரையில நேசப்படைகள் இறங்கணும். ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஆட்கள். வானிலை மோசம்னு ஏற்கெனவே ஒரு நாள் தள்ளி வெச்சாச்சு. 'கொஞ்ச நேரம் வானம் தெளியும்'னு வானிலை நிபுணர் ஸ்டாக் சொன்னதை நம்பி, போகலாம்னு முடிவெடுத்தவர் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர். எல்லா உத்தரவும் போயாச்சு. இனிமே அவர் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. அப்ப ஒரு சின்னத் தாளை எடுத்து பென்சில்ல எழுதினார். ஜெயிச்சா சொல்றதுக்கு இல்லை. தோத்துட்டா ரேடியோவுக்கும் பேப்பருக்கும் கொடுக்க!

மொத்தமே நாலு வாக்கியம். தரையிறங்கினோம், காலூன்ற முடியலை. கிடைச்ச தகவல்ல சிறந்ததை வெச்சு முடிவெடுத்தேன். தரைப்படை, விமானப்படை, கடற்படை எல்லாரும் வீரத்தாலும் கடமையாலும் முடிஞ்சதை எல்லாம் செஞ்சாங்க. தப்புன்னு ஏதாவது இருந்தா அது என்னோடது மட்டுமே. சாராம்சம் இவ்வளவுதான். பதற்றத்துல தேதியைக்கூட 'ஜூலை 5'னு மாத்திப் போட்டிருக்கார் மனுஷன்! மறுநாள் தரையிறக்கம் வெற்றி. சீட்டு பர்ஸுக்குள்ள போயிடுச்சு. சில வாரம் கழிச்சு அவரோட உதவியாளர் கண்ணுல பட்டு, அவர் கேட்டு வாங்கி வெச்சதால பிழைச்சது. இன்னிக்கு அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம் அபிலீன்ல அவர் பேர்ல இருக்கிற நூலகத்துல பத்திரமா இருக்கு.

ஆனா என்னை உலுக்கினது அந்த நாலு வாக்கியம் இல்லை. அடித்தல்கள். அந்தத் தாளோட படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. முதல்ல 'படைகள் திரும்பப் பெறப்பட்டன'ங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார். யார் திரும்பப் பெற்றது? தெரியாது. அதை அடிச்சுட்டு, 'நான் படைகளைத் திரும்பப் பெற்றேன்'னு மாத்தியிருக்கார். 'இந்த நடவடிக்கை'ன்னு ஆரம்பிச்ச இடத்தை அடிச்சுட்டு, 'தாக்குவது என்ற என் முடிவு'ன்னு மாத்தியிருக்கார். 'என்னுடையது மட்டுமே'ங்கிற இடத்துக்குக் கீழே ஒரு கோடு.

அந்த ராத்திரியில, தனியா, யாரும் கேட்காதப்பவே, தன்னை மறைச்சு வெச்சிருந்த வார்த்தைகளைத் தேடித் தேடி அடிச்சிருக்கார். நானும் அதே நிதானமான நடையிலதான் எழுதினேன். ஆனா அவர் அடிச்ச வார்த்தைகளை எல்லாம் நான் பொறுக்கி எடுத்துச் சேர்த்திருக்கேன்! அனுப்பப்பட்டது. வெல்லப்பட்டன. வாகனம் புறப்பட்டது, வண்டிக்குக் கால் முளைச்ச மாதிரி.

உடனே என் ரிப்போர்ட்டை எடுத்தேன். அப்பதான் நம்ம தமிழ்ல ஒரு வேடிக்கையைக் கவனிச்சேன். 'எழுதினேன்'னு சொன்னா, அந்தக் கடைசி 'ஏன்'லேயே நான் மாட்டிக்கிறேன். 'நான்'னு தனியா சொல்லக்கூட வேண்டாம். ஆனா 'எழுதலை'ன்னு சொன்னா? நான் எழுதலை, நீ எழுதலை, அவங்க எழுதலை... எல்லாத்துக்கும் ஒரே 'எழுதலை'! 'முடியலை', 'தெரியலை', 'பார்க்கலை', எதுலயும் ஆள் அடையாளமே கிடையாது. செஞ்சதைச் சொன்னா தமிழ் நம்மளைக் காட்டிக் கொடுக்குது. செய்யாம விட்டதைச் சொன்னா, ஓடிப்போகக் கதவைத் திறந்து வெச்சிருக்குது. என் தப்பு எல்லாமே செய்யாம விட்ட தப்பு. 'புதிய'வா 'பழைய'வான்னு எழுதலை. போனைப் பார்க்கலை. எண்ணலை. அதனால ஒவ்வொரு இடத்துலயும் 'நான்'ங்கிறதை நானேதான் கொண்டு போய் உட்கார வைக்கணும்.

உட்கார வெச்சேன். ஒவ்வொரு 'நான்' எழுதவும் ஒரு நிமிஷம் ஆச்சு, பொய் சொல்லலை.

'ஐயா, பஸ் ஸ்டாண்ட் என்று மட்டும் குரூப்பில் எழுதியவன் நான். பழையதா புதியதா என்று நான் எழுதவில்லை. மூன்று பேர் பதில் போடாததை நான் கவனிக்கவில்லை. அவர்கள் 5.40-க்கே புதிய பஸ் ஸ்டாண்டில் இருந்தார்கள். என்னை ஆறு முறை அழைத்தார்கள். போனை சைலண்டில் வைத்திருந்தவன் நான். வண்டியைக் கிளம்பச் சொன்னவன் நான். முதல் கடிதத்தில் இதையெல்லாம் நான் மறைத்து எழுதினேன். அவர்கள் மூவர் மீதும் தவறு இல்லை.'

ஹெச்.ஓ.டி. ரெண்டு தடவை படிச்சார். நிமிர்ந்து பார்க்கலை. 'முதல் லெட்டர்ல இங்கிலீஷ் படத்து கர்னல் மாதிரி எழுதியிருந்தே. இதுல என்ன ஆச்சு?'ன்னார். நான் நின்னேன். பழைய பைலை எடுத்து, ஓரத்துல எழுதின அந்த வரியை அடிச்சார். பக்கத்துல கையெழுத்தும் போட்டார். அப்புறம் கோ-ஆர்டினேட்டர் லிஸ்ட்டை எடுத்து என் பேரையும் அடிச்சார். அதுக்குக் கையெழுத்து போடலை. தேவையில்லைன்னு நினைச்சிருப்பார்.

வெளியே வந்தா அந்தப் பொண்ணு நிக்குது. 'ஸாரிம்மா'ன்னேன். 'பரவாயில்லைண்ணா'ன்னு சொல்லலை. 'சரிண்ணா'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுச்சு. அந்தப் பேப்பரை அந்த சிம்போசியத்துல இனி யாரும் படிக்கப் போறது இல்லை. நான் எத்தனை 'நான்' போட்டாலும்.

ரூம்ல இப்பவும் விளையாட்டு நடக்குது. தேனிக்காரன் தளபதியா மாறி உப்புமா அறிக்கை வாசிப்பான். ஒரே ஒரு புது ரூல் மட்டும் வந்திருக்கு. 'பட்டது'ன்னு யார் முடிச்சாலும் நாகர்கோவில்காரன் கையைத் தூக்கி, 'யாரால, ஜெனரல்?'னு கேட்பான். பதில் சொல்லாம அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. போன வாரம் 'பக்கெட் உடைக்கப்பட்டது' விசாரணை ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் போச்சு.

அடுத்த ட்ரிப் திருச்சிக்கு. நான் சும்மா பார்வையாளரா போறேன். கோ-ஆர்டினேட்டர், அந்தப் பொண்ணுதான். நேத்து ராத்திரி குரூப்ல மெசேஜ் வந்தது:

'வியாழன் காலை 5.45. பழைய பஸ் ஸ்டாண்ட். புதியது இல்லை. காலேஜ் பஸ் வழக்கமா நிக்கிற இடம். வண்டி 6.00-க்குக் கிளம்பும், யாராவது வரலைன்னா நான் போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் கிளம்பும். என் போன் சைலண்டுல இருக்காது. புரிஞ்சதை எல்லாரும் உங்க வார்த்தையில திருப்பி அனுப்புங்க. கட்டை விரல் செல்லாது.'

அஞ்சு நிமிஷத்துல எனக்குத் தனியா ஒரு மெசேஜ்: 'அண்ணா, நீங்க மட்டும் இன்னும் அனுப்பலை.'

டைப் பண்ணினேன்: 'நான் வியாழன் 5.45-க்கு பழைய பஸ் ஸ்டாண்டுல இருப்பேன்.'